கல்லீரலில் ஒளிந்த பட்டாணி

அவர் கல்லீரலில் இருந்த கட்டி பட்டாணி அளவுதான். அதுவும் அல்ட்ராசவுண்டில் தெரியாத கட்டி. அதனால் முன்பே எடுத்த ஸ்கேன் படத்தைத் திரையில் அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல் பொருத்தி, அது காட்டும் இடத்தில் சூடேறும் ஊசியை இறக்கிக் கட்டியைச் சுட்டுவிடுவதாகத் திட்டம். இன்று சிக்காவிட்டால் பாதிக் கல்லீரலை வெட்டியெடுக்க வேண்டியதுதான்.

நர்சுகள் 'கழுகு' என்று பெயர் வைத்திருந்த சர்ஜன் படத்தை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இரண்டு படங்களின் ரத்தக் குழாய்களும் மாமியாரும் மருமகளும் போல ஒட்டவே மறுத்தன. குருட்டாம்போக்கில் குத்த அவருக்கு மனம் வரவில்லை. மயக்கத்தில் கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, வெளியே காத்திருந்த அவர் மனைவியிடம் ஸ்கேன் படத்தைக் காட்டி நிலைமையை விளக்கினார்.

அவள் படத்தில் உடம்பின் வெளிக்கோட்டை உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு டாக்டர்?"

"உங்க வீட்டுக்காரர்தான்மா."

"அவருக்கு ஏது இப்படி ஒட்டின வயிறு?"

ஆள் மாறிவிட்டதா? கழுகு படத்திலிருந்த பெயரையும் எண்ணையும் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தன.

"படம் எடுக்கும்போது முழிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப அவரேதான்."

படம் எடுக்கிறார்கள் என்றாலே மனிதர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வாராம். முகம் மட்டும் விழும் பாஸ்போர்ட் படத்துக்கும் அப்படித்தானாம். ஸ்கேன் என்றால் சும்மா விடுவாரா? இழுத்த இழுப்பில் கல்லீரல் மேலே ஏறியிருக்கிறது. மயக்கத்தில் தொப்பையோடு அதுவும் தன் இடத்துக்கு இறங்கிவிட்டது.

உள்ளே மயக்க டாக்டர் மூச்சு இயந்திரத்தைச் சற்று நிறுத்த, வாட்டசாட்டமான உதவியாளர் தொப்பையை அமுக்கினார். ஒருமுறை அதிகமாயிற்று, மறுமுறை போதவில்லை. கடைசியில் மனைவிக்கே அங்கியும் தொப்பியும் மாட்டி உள்ளே அழைத்து வந்தார்கள். அவள் எதையும் தொடாமல் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"இது ஆபீஸ் போற அளவு. பத்தாது. மேல தள்ளி அமுக்குங்க. இது பக்கத்து வீட்டுக்காரங்க வந்தா. இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க. கேமராவுக்கு இவ்வளவுதான்."

திரையில் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன. கழுகு ஊசியை இறக்கினார். மூச்சு இயந்திரம் மறுபடி ஓடியது.

ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. திரையில் ஊசி முனையைச் சுற்றி வெள்ளைக் குமிழிகள் பொங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"வெந்துருச்சா?"

"வெந்துருச்சுமா."

"இன்னும் கொஞ்ச நேரம் வைங்க" என்றாள். "சனியன் அரைவேக்காடா இருக்கக் கூடாது."