பச்சைப் புள்ளி

வீட்டிலிருந்தே வேலை என்பதால் எந்த ஏரியாவில் வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று பீற்றிக்கொண்டேன். ஆனால் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால், ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் எரியும் அந்தப் பாழாய்ப்போன பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மேலாளர் உடனே போனில் பிடித்து உலுக்குவார். அதனால் வீடு பார்க்கப் போன தெருவிலெல்லாம் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி, விரலால் தடவிக்கொண்டே மனைவியின் பின்னால் நடந்தேன். தரகர் பூங்காவைக் காட்டினார், நூலகத்தைக் காட்டினார். தலையாட்டி வைத்தேன்.

"எந்த ஏரியாங்க பிடிச்சிருக்கு?" என்றாள் மனைவி.

"கடைசியா பார்த்தது. நல்ல நிழல். ஸ்கிரீன் பளிச்சுனு தெரிஞ்சுது."

"அதுக்கு எதுக்குங்க வீடு? நம்ம துணி பீரோவே போதுமே!"

பீரோவுக்குள் நெட் கிடைக்குமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.