வியாழக்கிழமைக் குடி

குளிர்பெட்டியின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள் மகள். தரை சமமில்லை. பெட்டி மூன்று காலில் நின்று கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மடிப்பு போதவில்லை, இரண்டாவது மடிப்பு வைத்தால் மறுபக்கம் தூக்கியது. நாற்பது வருடம் ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் பழுது பார்த்த மனிதர், கம்ப்ரசர் சரியில்லாத ஒரு பெட்டிக்குள் படுத்திருந்தார். கண் திறந்தால் அப்பா முதலில் அதைத்தான் சொல்லுவார் என்று தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்ததால் குனிந்தபடியே இருந்தாள்.

தலைமாட்டில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

“குடிச்சே போய்ச் சேர்ந்துட்டாரு. ஆறு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே.”

பக்கத்தில் நின்ற மாமா, அம்மாவின் தம்பி, அதற்குத் தாளம் போட்டார். “வியாழக்கிழமை ஆனா மனுஷனைக் கட்டிப்போட முடியாதே. நாலு மணிக்கு டாண்ணு கிளம்பிடுவாரு. சம்பளம் வாங்குறவன்கூட ஆபீசுக்கு அவ்வளவு ஒழுங்காப் போகமாட்டான்.”

துக்கம் கேட்க வந்தவர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

அந்தக் கோபம்தான் அம்மாவை நிமிர்த்தி வைத்திருந்தது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. திட்டுவதற்கு மட்டும் தெம்பு இருந்தது. மகள் அதைத் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு வாய் ஏது?

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா போன் செய்தபோது அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருந்தாள். கவுண்ட்டர் முன்னால் சீட்டும் கையுமாகக் கூட்டம்.

“உங்கப்பா இன்னிக்கு ஓவராக் குடிச்சிட்டு வந்திருக்காருடி. வாய் குழறுது. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாரு. செருப்பு ஸ்டாண்டு மேல விழுந்து அவரே எந்திரிச்சாரு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகவா?”

“குடிச்சதுக்கெல்லாம் எந்த டாக்டர்மா பாப்பாரு? சோபாவுல படுக்கச் சொல்லு. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அம்மா மகள் சொன்னபடியே செய்தாள். சமையலறை வாசலில் நின்றே ஒரு போர்வையைத் தூக்கி அவர் மேல் போட்டுவிட்டு, வழக்கமான வியாழக்கிழமைத் தண்டனையாகப் படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். மகள் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். உடனே கூட்டி வந்திருந்தால் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்காவிட்டால் மருந்துக்கடைக்காரிக்கு அது தெரியாதா? சனிக்கிழமை மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. குடிதான் கொன்றது என்று அம்மா அங்கேயே தீர்ப்பு எழுதினாள். குடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மகளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குடித்துவிட்டு வந்தவரைக் குடித்திருக்கிறார் என்று நினைத்ததில் யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை. இதையே அவள் நேற்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்டை போதாமல், வேறு ஏதாவது கிடைக்குமா என்று கீழே இறங்கினாள். மாடிப்படித் திருப்பத்தில் ஐந்து பேர் மேலே வரத் தயங்கி நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் டாக்ஸி ஓட்டுநர் சட்டையில் ஒரு நெட்டை மனிதர்.

“மெக்கானிக் வீடு இதுதானேம்மா?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமா. நீங்க?”

“தெருமுனையில இருக்கிற பார் என்னோடது. நீங்க பொண்ணா? உங்களப் பத்தி நிறையச் சொல்லுவாரு.”

மகளுக்குச் சுருக்கென்றது. ஊற்றிக் கொடுத்தவளே துக்கம் விசாரிக்கவும் வந்துவிட்டாள்.

“வாராவாரம் ஊத்தி விட்டது பத்தாதுன்னு இங்க வேற வந்துட்டீங்களா?”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஊத்தினதா?” என்றார் டாக்ஸிக்காரர். “அவரு எங்கம்மா குடிச்சாரு? வந்ததும் ஒரு சோடா வாங்குவாரு. பின்னுற மும்முரத்துல அதையும் மறந்துடுவாரு. கேஸ் போனப்புறம் மடக்குன்னு குடிச்சிட்டுக் கிளம்புவாரு.”

“பின்னுற மும்முரமா?”

பார்க்காரம்மாதான் விளக்கினாள். “வியாழக்கிழமை சாயங்காலம் என் கடையில ஈ ஓட்டிட்டுத்தான் உக்காந்திருப்பேன். ஜன்னலோரத்து மேசை சும்மாத்தானே கிடக்குதுன்னு, அக்கம்பக்கத்துல கம்பளி பின்னுறவங்களை வந்து உக்காரச் சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்கப்பா ஃப்ரிட்ஜ் சரி பண்ண வந்தாரு. இவங்க ஒரு நூல்கண்டைச் சிக்கலாக்கி வெச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துட்டு இருந்தாங்க. ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சிட்டு, ‘இழுக்காதீங்க, இங்க குடுங்க’ன்னு வாங்கினாரு. ஒரு முடிச்சுகூட அறுக்காம பிரிச்சுக் குடுத்தாரு. அடுத்த வாரம் கையில ஊசியைக் குடுத்துட்டோம்.”

“வீட்ல சொல்லவே இல்லையே.”

“நானும் கேட்டுப் பாத்தேன்மா. ‘குடிக்கப் போறேன்னா திட்டுவாங்க, பின்னப் போறேன்னா சிரிப்பாங்க. திட்டு பழகிடுச்சு, சிரிப்பைத் தாங்க முடியாது’ன்னாரு. மச்சினன் ஒருத்தர் இருக்காராமே, அவருக்குத் தெரிஞ்சா இந்த ஜென்மத்துக்கும் விடமாட்டாருன்னு சொல்லி அவரே சிரிப்பாரு.”

மேலே மாமாவின் குரல் கேட்டது. டாண்ணு கிளம்பிடுவாரு என்று வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்ஸிக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “அன்னிக்கு ஊசி ரெண்டு தடவை அவரு கையிலேர்ந்து நழுவுச்சும்மா. ‘என்ன மெக்கானிக், வயசாயிடுச்சா’ன்னு கிண்டல் பண்ணேன். சிரிச்சாரு. சிரிப்பு ஒரு பக்கமாத்தான் வந்துச்சு. எனக்கு அப்ப உறைக்கல.”

மகள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர் வாய் குழறி, காலை இழுத்து, பார்க்கிற எவருக்கும் புரிகிற மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறார். மருந்துக்கடைச் சுவரில் அவள் கையாலேயே ஒட்டிய விளம்பரத்தில் அந்த அறிகுறிகள் வரிசையாக இருக்கின்றன. தினமும் பார்க்கிறாள். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். தன் குரல் காதில் அப்படியே கேட்டது. அதைவிட அருவருப்பான குரலை அவள் கேட்டதில்லை.

பார்க்காரம்மா பையைத் திறந்து சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி காலுறையை எடுத்தாள். “எங்க மேசையில யாராவது போயிட்டா, ஊசியில இருக்கிறதைப் பாதியில விடமாட்டோம். ஆளுக்கு நாலு வரிசை போட்டு முடிச்சு, அவங்ககூடவே அனுப்பிடுவோம். இதுல ஒண்ணு அவரே முடிச்சது. இன்னொண்ணு குதிகால் வரைக்கும் அவரு, மிச்சம் நாங்க. அவரு கை மாதிரி நெருக்கமா வரல. அம்மாகிட்டக் கேட்டுட்டு, காலில மாட்டி விடலாமா?”

“வேணாம்.”

சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, தயவுசெஞ்சு இதை அம்மாகிட்டக் காட்டாதீங்க. அன்னிக்கு அப்பா குடிச்சிட்டு வந்தாருன்னு நினைச்சுத்தான் டாக்டர்கிட்டப் போகாம விட்டுட்டாங்க. கதவைத் தாழ்போட்டுட்டுத் தூங்கினாங்க. அவரு குடிக்கவே இல்லைன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. கேட்டா, குடிச்சாருன்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா? அதுவும் அவரை அங்க படுக்க வெச்சிட்டு?”

“எங்கம்மாவை நினைச்சுப் பாருங்கக்கா.”

விட்டுவிடச் சொன்னது யார் என்பதை அவள் சொல்லவில்லை. அம்மாவை முன்னால் நிறுத்திவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பார்க்காரம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காலுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஐந்து பேரும் மேலே வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்ததும் பார்க்காரம்மாவுக்கு உதடு துடித்தது. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இவங்க யாரு?” என்றாள் அம்மா.

“தெருமுனை பார்லேர்ந்து வந்திருக்காங்கம்மா.”

அம்மா கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மாமா ஒரு அடி முன்னால்கூட வந்தார். அம்மா கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

“அன்னிக்கு எவ்வளவு குடிச்சாரு?”

பார்க்காரம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். “கொஞ்சம் அதிகம்தாம்மா.”

“வாராவாரமும் குடிப்பாரா?”

“குடிப்பாரு. நான்தான் தடுத்திருக்கணும். மன்னிச்சிடுங்கம்மா.” சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“நான் சொல்லல?” என்றார் மாமா, பொதுவாக எல்லாரையும் பார்த்து. டாக்ஸிக்காரர் அவரை அடித்துவிடுவாரோ என்று மகளுக்குப் பயமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். மகள் வாசல்வரை போய்க் கும்பிட்டாள். பார்க்காரம்மா பதிலுக்கு எதுவும் செய்யவில்லை, படியிறங்கினாள். பையும் அவளோடு போனது. மகளுக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோலத்தான் இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பிழைத்தோம் என்று உள்ளே வந்தாள்.

அம்மா அவளைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். குனிந்த மகளின் காதுக்கருகே மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பொம்பள எதுக்குடி பொய் சொல்றா?”

“என்னம்மா பொய்?”

“வாராவாரம் குடிச்சாராமே. ஆறு வருஷமா வாசல்லயே நிறுத்தி மூஞ்சிக்கு மூஞ்சி திட்டுறவ நான். சட்டையில புகை வாடை அடிக்கும். வாயில ஒரு நாளாவது அடிச்சிருக்கணுமே? அன்னிக்கு ஒரு நாள் என்ன கண்றாவியைக் குடிச்சாரோ, நான் கிட்டவே போகல. மத்த நாளெல்லாம் அவரு குடிச்சதே இல்ல. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏம்மா கேக்கல?”

“கேட்டு? அவரு பாட்டுக்கு உண்மையைச் சொல்லிட்டாருன்னா என்ன பண்றது? குடின்னு வெச்சுக்கிட்டா திட்டிட்டுப் போயிடலாம். நாலு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லலாம்.” அம்மா வாசலைப் பார்த்தாள். “அவ மூஞ்சியைப் பாத்தியா? கடைக்கு வர்றவன் செத்ததுக்கு எந்தக் கடைக்காரி இப்படி அழுவா? என்கிட்ட மன்னிப்பு வேற கேக்கிறா. எதுக்குக் கேட்டான்னு எனக்கா தெரியாது? மடியில அந்தப் பையை எப்படிப் பிடிச்சிருந்தா பாத்தியா? அவரு பொருள் ஏதோ உள்ள இருக்கு. குடுக்க மனசு வரல.”

“அம்மா, அப்படியெல்லாம்…”

“வியாழக்கிழமை தவறாம போனாரேடி.”

மகளுக்கு நாக்கு வரை வந்தது. கம்பளி பின்னப் போனார்மா. மூன்று வார்த்தைதான். மூன்றையும் சொன்னால் அப்பா அந்தப் பெட்டிக்குள்ளேயே நல்லவராகிவிடுவார். ஆனால் அடுத்த நிமிஷம் அம்மா, அப்போ அன்னிக்கு, என்று கேட்பாள். அதற்குப் பிறகு தாழ்போட்ட கதவு அம்மாவுக்கும், போனில் சொன்ன வார்த்தை தனக்கும், உயிர் இருக்கும்வரை. அம்மாவால் அதைத் தாங்க முடியாது என்று நினைத்துப் பார்த்தாள். உண்மையில் அவள் நினைத்தது தன்னைப் பற்றித்தான். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. நான்கு ஆட்கள் படியேறி வந்தார்கள்.

“அக்கா, வண்டி வந்தாச்சு,” என்றார் மாமா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துக்க.”

“பாத்ததெல்லாம் போதும்.”

அம்மா எழுந்து, பெட்டியைப் பார்க்காமல் அதைச் சுற்றிக்கொண்டு அறையின் மறுபக்கம் போனாள். காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டு ஆட்களோடு போய் நின்றார். அவர்கள் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள்.

“அம்மா,” என்றாள் மகள்.

“என்ன?”

ஆட்கள் குனிந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். அம்மா முதுகைக் காட்டியபடி கையை நீட்டிக் காத்திருந்தாள். மகள் பக்கத்திலிருந்த நாற்காலியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள்.