ஏழாம் நாளில் பேருந்து இல்லை

பாஸ்போர்ட் வந்துவிட்டதா என்று ஓவியாக்கா கேட்கும்போதெல்லாம், "வந்துக்கினு கீதுக்கா" என்றேன். நான்கு வாரம் இதையே சொன்னேன். உண்மையில் நான் பெங்களூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகவே இல்லை. பாதி வழியில், பங்காருப்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

ஓவியா என் பெரியப்பா மகள். கோலார் தங்கச் சுரங்கத்தின் பழைய குடியிருப்பில், எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் அவள் வீடு. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் வண்டி ஏறுவாள். அம்மாவை விட்டால் நான் முழு வாக்கியமாகப் பேசுவது அவளிடம் மட்டும்தான். தை மாதம் அவளுக்கு நிச்சயமானது. ஆனியில் கல்யாணம். அப்புறம் வேலூர் போய்விடுவாள்.

"அதுக்குள்ள ஒரே ஒரு தடவ தூரமா எங்கனா போணும் கயலு. நீயும் நானும். எங்க போலாம் சொல்லு" என்றாள்.

ஜப்பான் என்றேன். நான் ஊட்டி என்று சொல்வேன் என நினைத்திருப்பாள். ஆனால் சிரிக்கவில்லை.

"சரி. என் போனஸ் அப்படியே கீது. ஆனா பிளான் மொத்தம் உன்னுது. நான் வண்டியில ஏறுனா தூங்கறவ, எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஜப்பானை நான் போனில்தான் பார்த்தேன். ஒரு ரயில் பெட்டி. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. நீ யார் வீட்டுப் பெண், ஏன் படிப்பை விட்டாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடையில்கூட வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டை நீட்டினால் சாப்பாடு வரும். வாய் திறக்க வேண்டியதே இல்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் முழுக்க வரவில்லை. பொங்கல் லீவுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தபோது, ஒரு நாடு முழுக்க என்னைப் போல இருக்கிறதே என்று தோன்றியது.

அம்மா பக்கத்தில் நந்திதுர்க்கில் அங்கன்வாடி உதவியாளர். அவள் காலையில் போனதும் நான் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடைக்கு அந்த வேலை. மதியத்துக்கு மேல் நோட்டை எடுப்பேன். தோக்கியோவில் மூன்று நாள். அங்கிருந்து கனசாவா. பிறகு பேருந்தில் மலையேறி, புல் கூரை வேய்ந்த பெரிய வீடுகள் இருக்கும் ஷிராகாவா கிராமம். தகாயாமா, கியோத்தோ, கடைசியில் ஹிரோஷிமா. எந்த வண்டி எந்த பிளாட்பாரம், மாறுவதற்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று எல்லாம் தெரிந்துகொண்டேன். சாம்பியன் ரீப்ஸ் தாண்டி நான் பார்த்தது கோலாரும் வேலூரும்தான். ஆனால் கியோத்தோ ஸ்டேஷனில் கழிப்பறை எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பாஸ்போர்ட்டுக்குத் தேதி கிடைத்தது மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. என்னைக் கூட்டிப்போய் அலுவலகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக ஓவியாக்கா சொல்லியிருந்தாள். ஆனால் முதல் நாள் மாலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். மறுநாளே புடவை எடுக்க வேலூருக்கு வரச் சொன்னார்கள்.

"நீயே போய்டுடி. முன்னாலருந்து மூணாவது பொட்டியில ஏறு, அதான் எங்க பொட்டி. லேடீஸ்தான் இருப்பாங்க. ஒண்ணும் பயமில்ல" என்றாள்.

சாம்பியன் ரீப்ஸில் மூன்றாவது பெட்டியில்தான் ஏறினேன். எங்கள் ஊர் வண்டி அதற்கு முந்தைய ஸ்டேஷனான மாரிக்குப்பத்தில் புறப்படுகிறது. அங்கே ஏறுகிறவர்கள், வழியில் ஏறப்போகும் தங்கள் கூட்டத்துக்காக டிபன் பையோ துப்பட்டாவோ வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கேள்விப்பட்ட மாதிரி. ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன் மேல் நீல நிற டிபன் பை. பக்கத்தில் நின்றேன்.

"ஆளு வர்து" என்றாள் எதிரில் இருந்தவள்.

அடுத்த ஸ்டேஷன் உரிகாம் வந்தது. ஆள் வரவில்லை. நான் பையைப் பார்த்தேன்.

"ஆளு வர்துன்னு சொல்றேன்ல? எந்த ஸ்டேஷன்ல ஏறுன நீ? புதுசா? யார் வூட்டுப் பொண்ணு?"

பெட்டியில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பத்தாம் வகுப்பில் ஆனதுபோலவே ஆனது. கோரமண்டல் ஸ்டேஷனும் போனது. யாரோ, "ஊமைப் பொண்ணு போலக் கீதுபா, விடு" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். பங்காருப்பேட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கக்கூட யாரிடமும் பேச முடியாமல், திரும்பும் வண்டி வரும்வரை பிளாட்பாரத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் கவரை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அக்கா வேலூரிலிருந்து போன் செய்தாள். எல்லாம் முடிந்ததா என்றாள். முடிந்தது என்றேன். அதுதான் முதல் பொய். பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்து என் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு எந்த ஊர்டி?" என்று கேட்பாள். நான் அந்த ஊரைச் சொல்வேன். உண்மையைச் சொன்னால் அந்த ஞாயிறுகள் நின்றுவிடும்.

பங்குனி முதல் ஞாயிறு அவள் தனியாக வரவில்லை.

"கயலு, இவ லவினா. என் ஆபீஸ், ஆண்டர்சன்பேட்ட. இவளும் வர்றேன்றா. மூணு பேரா போலாமே, ரூம் ஈசியா கெடைக்கும்."

லவினா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "இன்னா கயல், பெரிய டிராவல் ஏஜென்டாமே நீ?" என்றாள். ரயிலில் கேட்ட அந்தக் குரலை நான் மறந்திருக்கவில்லை. அவளுக்கு என்னை நினைவில்லை.

நோட்டை வாங்கிப் புரட்டினாள். "சூப்பரா எழுதிக் கீறியே. ஆனா இன்னா இது, வண்டி மாறுற எடத்துல எல்லாம் ஒரு மணி நேரம் சும்மா உக்காரணுமா?"

"வண்டி லேட்டானா..." என்றேன்.

லவினா விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்க அர நிமிஷம் லேட்டானாலே மைக்ல மன்னிப்பு கேப்பாம்மா!"

"சிரிக்காதடி. நம்ம வண்டியப் பாத்து வளந்தவ, வேற எப்படிப் போடுவா?" என்று அக்காவும் சிரித்தாள். பிறகு போனை எடுத்தாள். "சரி, டிக்கெட் இன்னிக்கே போட்டுர்லாம். இவளுக்கு லீவு சாங்ஷன் ஆயிடுச்சி, தேதி மாத்த முடியாது. கயலு, இந்நேரம் பாஸ்போர்ட் வந்திருக்குமே, எடு, நம்பர் அடிக்கணும்."

நான் எழுந்திருக்கவில்லை.

"எடுடி."

"இல்லக்கா."

"இன்னா இல்ல?"

"நான் அந்த ஆபீசுக்கே போவல."

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "போவலியா? முடிஞ்சிதுன்னு சொன்னியே. போலீஸ் வூட்டுக்கு வந்துட்டுப் போனாங்கன்னியே!"

ஆமாம், அதையும் சொல்லியிருந்தேன். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது பெட்டி, ஜன்னலோர இடம், பை, ஆள் வருகிறது என்றது, பங்காருப்பேட்டை. சொல்லச் சொல்ல லவினா நோட்டைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

"இன்னா கலரு பை?" என்று கேட்டாள்.

"நீலம்."

"ஐயோ இயேசப்பா" என்றாள். "அது என் பைதான் ஓவி. நீ வேலூர் போறேன்னு எனக்கு ஒரு மெசேஜ்கூடப் போடல. ஓடியாந்து வேற பொட்டியில ஏறியிருப்ப, அப்புறம் மாறி வருவேன்னு நெனச்சி உனக்குத்தான் போட்டு வெச்சேன். அந்தப் பொண்ணு... நீயாம்மா அது?"

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"ஓவியா தங்கச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மடியில உக்கார வெச்சிருப்போமே" என்றாள் லவினா. அவள் கண் கலங்கியிருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடம் அக்காவின் இடம்தான். அக்கா என்னை ஏறச் சொன்ன பெட்டியும் அதுதான். வேண்டியிருந்ததெல்லாம் இரண்டு சொல்.

ஓவியாக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனில் தேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இனி பாஸ்போர்ட், அதன் பிறகு விசா. லவினாவின் லீவு. அதற்குப் பின்னால் கல்யாணம். எப்படித் தள்ளினாலும் கல்யாணத்தில் போய் இடித்தது.

"நாங்க போவட்டுமா கயலு?" என்று மெல்லக் கேட்டாள். "வேணான்னா சொல்லு. நானும் போவல."

அவள் உண்மையாகத்தான் கேட்டாள். வேண்டாம் என்றால் நிச்சயம் போகமாட்டாள். பிறகு என்றைக்குமே போகமாட்டாள்.

"போங்கக்கா" என்றேன். "நான் நல்லதா எழுதித் தர்றேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் புதிதாக எழுதினேன். வண்டி மாறும் இடங்களில் இருந்த ஒரு மணி நேரங்களைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்தேன். கயல் என்று இருந்ததெல்லாம் லவினா ஆனது. லவினா மாட்டிறைச்சி சாப்பிடுவாள் என்பதால் தகாயாமாவில் ஒரு கடையைச் சேர்த்தேன். ஆறாம் நாள்வரை கை நிற்காமல் ஓடியது.

ஏழாம் நாள் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஒற்றைப் பெட்டி வண்டி, ஒரு நாளைக்கு நான்கு தடவை வரும். டிக்கெட் கொடுக்க ஆளில்லை. ஒரு பெஞ்சு, எதிரில் கடல். இறங்கினால் அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் ஆகும். மலையடிவாரத்தில் இருந்து ஒரு பேருந்தும் வரும். அக்காவிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். "அங்க இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டாள். "உக்காந்துனு இருப்பேன்" என்றேன். "நான் தூங்குவேன்" என்றாள்.

அதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. ஏழாம் நாளின் கீழே எதுவும் எழுதாமல் எட்டாம் நாளுக்குப் போனேன்.

ஞாயிறன்று இருவரும் வந்து தாள்களை வாங்கிக்கொண்டார்கள். லவினா எனக்கு ஒரு டப்பா நிறைய கேக் கொண்டுவந்திருந்தாள். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள்.

"ஏழாம் நாள் ஒண்ணுமே போடலியே கயல்?"

"அன்னிக்கி அங்க பஸ் இல்லக்கா" என்றேன். குரல் தடுமாறாமல் வந்தது. வெளி ஆள் ஒருத்தியிடம் நான் அவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஓவியாக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா லவி, நானும் பாத்தேன். அந்தப் பக்கம் பஸ் இல்ல" என்றாள்.

"அப்ப ஒசாகாவுல ஷாப்பிங் போட்டுக்கலாம்" என்று லவினா பேனாவை எடுத்து அந்தக் காலி இடத்தில் எழுதினாள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். மறுநாள் கடைக்குக் கொடுக்க வேண்டிய புடவைகள் ஆறு இருந்தன. முதல் புடவையைப் பிரித்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் ஊசியில் நூல் கோர்க்கவில்லை.