பிறந்த ஊர் என்ற கட்டம்

1.

இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. என் கையால் நான் செய்த ஒரு காரியத்திலிருந்து வந்தது. அதைச் செய்து பதினேழு நாட்களாகின்றன. அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். நேற்று ஒரு வேன் வந்து நின்றது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்கு ஃபிரிட்ஜ் இறக்க வந்திருக்கிறார்கள்.

ஆறு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். அதில் ஒன்று:

"தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், மனசாட்சிக்கு அஞ்சும் ஓர் இளைஞன்..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது. (மற்ற விஷயத்தை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.) பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது என் வேலை. அச்சடித்தது போன்ற கையெழுத்து என்பார்கள். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன்.

2.

எங்கள் வழிபாட்டுக் கூடத்தில் அறுபத்து நான்கு உறுப்பினர்கள். வாராவாரம் வழிபாடு முடிந்ததும் பின்னறையில் தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். அந்த வாரம் கலையவில்லை. புதிய கட்சியிடமிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களை வீடு வீடாகத் தேடித் திருப்பி அனுப்புவோம், மதத்தையும் குடும்பத்தையும் காப்போம் என்பது அந்தக் கட்சியின் பேச்சு. ஓட்டுப் போட எங்களை அழைத்துப்போக வண்டி அனுப்புவார்களாம். அதற்கு உறுப்பினர் பட்டியல் வேண்டுமாம். படிவத்தில் நான்கு கட்டங்கள்: பெயர், வயது, முகவரி, பிறந்த ஊர்.

அதை வாசித்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். பூட்டுச்சாவிக் கடை வைத்திருக்கிறார். கூடத்தின் பதிவேடும் அவர் பொறுப்புதான்.

"வண்டி அனுப்புறதுக்குப் பொறந்த ஊர் எதுக்குப்பா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். "முப்பது வருஷம் ஓட்டினேன். டிக்கெட்டும் நான்தான் கிழிச்சேன். எங்க போகணும்னுதான் கேட்டிருக்கேன். எங்க பொறந்தீங்கன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல."

"பெரியவரே, நம்ம கூடத்து வாசல்ல பெயிண்ட் ஊத்தினாங்களே, அன்னைக்கு எந்தக் கட்சிக்காரன் எட்டிப் பாத்தான்? இவங்கதான் வாளியும் பிரஷ்ஷுமா வந்து கழுவினாங்க. நம்மள மனுஷனா மதிக்கிறது இவங்க மட்டும்தான்."

(அத்தானை மோசமான ஆளாகக் காட்ட ஒரு பிரதியில் முயன்றேன். வரவில்லை. அந்த வாளி உண்மை.)

"அவங்க வேட்பாளருக்கு இது மூணாவது கல்யாணம்," என்றார் ஓட்டுநர். "போன வருஷம் நம்ம பாட்டு டீச்சர் விவாகரத்து வாங்கினான்னு கூடத்தை விட்டே அனுப்பினோம். அவளுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?"

"நாம என்ன ஞானிக்கா ஓட்டுப் போடுறோம்? வேலைக்கு ஆள் எடுக்குறோம். போன ஆட்சியிலயும்தான் ஆளுங்களைப் பிடிச்சு அனுப்பினாங்க. நீங்க ஓட்டுப் போட்ட ஆட்சி. அப்ப வாயைத் திறந்தீங்களா?"

ஓட்டுநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "திறக்கல," என்றார். "தப்புதான்."

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதுவரை சும்மா இருந்தவள் எழுந்தாள். "நான் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடப்போறேன். ஆனா யார் பேரையும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி!" என்றார் அத்தான்.

"அவர் சொல்றது சரிம்மா," என்றார் ஓட்டுநர். "ரெண்டும் ஒண்ணுதான்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

3.

இப்போது தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதும்போது என்னாலேயே நம்ப முடியாத பாத்திரம் அவர்தான். ஒரு கதையில் வைத்தால் வாசகர் ஏற்கமாட்டார்.

எல்லைக்கு அப்பாலிருந்து பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்தவர். கணவர் இல்லை. பதினோரு வயதில் ஒரு மகள். கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தையற்கடை. இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டு அவரிடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று கதவோரம் உட்கார்ந்திருந்தார். பட்டியல் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அத்தான். கைகள் எழுந்தன. ஓட்டுநரும் அக்காவும் தூக்கவில்லை. நான் கதவோரம் பார்த்தேன்.

தையல்காரம்மாவின் கை மேலே இருந்தது.

ஏன் தூக்கினார்? காரணங்களை எழுதிப் பார்த்தேன். கேள்வி புரியவில்லை. (பொய். எங்களைவிட நன்றாகப் பேசுவார்.) கட்சியை நம்பினார். (இருக்கலாம், அவரும் எங்களோடு சேர்ந்து கும்பிடுகிறவர்தான்.) எங்களை நம்பினார்...

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

எழுந்த கைகளில் இன்னொன்று யாருடையது என்று நான் இன்னும் சொல்லவில்லை. என்னுடையது. என் கையும் மேலேதான் இருந்தது.

4.

மறுநாள் மத்தியானம் அத்தான் கடைக்குக் கூப்பிட்டார். "என் கையெழுத்து கோழி கிளறினாப்புல இருக்கும் மாப்ள. நீயே எழுதிடு."

கதையின் முதல் பிரதியில் நான் மறுத்துவிட்டு வெளியேறுகிறேன். இரண்டாவதில் அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அத்தான் கவனித்தும் கவனிக்காதவர் போல இருக்கிறார். அந்தப் பிரதி நன்றாகவே வந்திருந்தது. என் மனைவி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நடந்தது வேறு. கல்லாப் பக்கம் பதிவேட்டை விரித்து எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் அத்தான் சாவி அறுத்துக்கொண்டிருந்தார். பித்தளைத் தூள் படிவத்தின் மேல் விழ, ஊதி ஊதி எழுதினேன். நாற்பத்தோராவது பெயர் வந்ததும் பேனா நின்றது.

"அத்தான், இவங்க பேரு..."

இயந்திரத்தை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "அவங்களும்தானே கை தூக்குனாங்க."

"தூக்குனாங்க. இருந்தாலும்..."

"அறுபத்து நாலு பேருன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன் மாப்ள. ஒண்ணு குறைஞ்சா யாரைடா மறைக்கிறேன்னு நேரா கடைக்கு வருவாங்க. எந்த வீட்டுப் பூட்டு எப்படித் திறக்கும்னு தெரிஞ்சவன் நான். ஆளை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சா என்னை அவங்க சும்மா விடுவாங்களா?" கையிலிருந்த சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ பளபளப்பாகிவிட்டிருந்தது.

வாளியோடு வந்து கழுவியவர்களுக்கு அத்தான் நன்றியோடு இருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கு அவர்களிடம் பயம்.

எனக்கும்தான். எழுதினேன். பெயர், வயது, முகவரி. அவர் பிறந்த ஊரின் பெயரில் ஒரு சிக்கலான எழுத்து உண்டு. பதிவேட்டை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, பிழையில்லாமல் எழுதினேன். வேலையில் சுத்தம்!

(அதன் பிறகு என்னால் எந்தப் பெயரையும் கதையில் எழுத முடியவில்லை.)

சாயங்காலம் கட்சி ஆள் வந்து, நன்றி சொல்லி, படிவத்தை வாங்கிப்போனார். மிகவும் மரியாதையான பையன்.

5.

இன்று காலை தையற்கடைக்குப் போனேன். இன்னும் மூன்று நாளில் தேர்தல். ஒரு கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார் தையல்காரம்மா.

"வாங்கண்ணா. பட்டன் எதும் விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. அந்தப் பட்டியல்..."

"நீங்கதான் எழுதினீங்கன்னு உங்க அக்கா வந்து சொன்னாங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிற்பதற்கு எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீங்க ஏம்மா கை தூக்குனீங்க?"

"தூக்கலைன்னா எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்திருப்பீங்க. யாரும் பாக்காம இருக்கத்தானே பன்னெண்டு வருஷமா பழகியிருக்கேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீங்க ஏண்ணா தூக்குனீங்க?"

வாயைத் திறந்தேன். வெளியே ஒரு வண்டி நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம். அது நகர்ந்து போகும்வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

பிறகு, வண்டி போன பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒண்ணு கேக்கணும். அவங்க வந்தா பகல்லதான் வருவாங்களாம். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல இருப்பா. அவ இங்கதான் பொறந்தா, அவளை அனுப்ப மாட்டாங்கன்னு சொல்றாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் நேரா உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

என் வீட்டில் மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அரசாங்க வேலை இருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்றேன்.

"சரிண்ணா," என்றார். மறுபடி தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான் திரும்பிப் போய் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. சம்மதித்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். மறுத்தேன் என்று எழுதினால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். இரண்டையும் தர எனக்கு மனமில்லை.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அவருக்கான பதிலை நீங்கள் எழுதுங்கள். சரி என்றால், பக்கத்தில் உங்கள் முகவரியையும் எழுதிவிடுங்கள். அந்தச் சிறுமி எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமில்லையா?

...........................................................