அரைப்பேர் வாங்கிய வேகன்

சூசைரட்ணத்தின் ஸ்டேஷன் வேகன் தானாகவே பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு, வந்தது 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐந்துக்கு. அன்றைக்கு ஹட்டனில் தேங்காய் ஒன்று நூற்றிருபது ரூபாய், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் வேலைக்கு வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், மழை இல்லை, பனி மட்டும். பெக்டரிச் சங்கு ஊதி ஐந்து நிமிடம் கழித்து, ஓட்ட ஆளில்லாமல், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியிலிருந்து அது மெதுவாக இறங்கி வந்து, கூடையோடு நின்ற பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றது. சாவி சூசைரட்ணத்தின் காற்சட்டைப் பையில் இருந்தது. காற்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் யோகேஸ்வரன் கண்டாக்கு மணிக்கூட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "லேட்டு. அரைப்பேர்தான்" என்று சொல்லி அதற்கு அரை நாள் வருகையைச் செக்ரோலில் எழுதிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படியல்ல. ஓர் அதிசயத்தைக் கண்டால் நாங்கள் முதலில் கேட்பது, இதுக்குப் பேர் போடுவாங்களா என்பதைத்தான். வரிசையில் முன்னால் நின்ற வேலாயி திரும்பிப் பார்த்துவிட்டு, "அரைப்பேருக்கா இவ்வளவு தூரம் வந்துச்சு, பாவம்" என்றாள். அன்று முழுவதும் அது மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்துச் சாக்கு ஏற்றியது. மறுநாளும் வந்தது, மறுநாளும் ஐந்து நிமிடம் பிந்தியது.

அந்த வண்டி பழைய துரை பங்களாவின் கராஜுக்குள் நாற்பது வருடம் கிடந்தது. கராஜை இடித்தபோது, இரும்புக் கடைக்குப் போக இருந்ததை, பெக்டரியில் பிட்டராக இருந்த சூசைரட்ணம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். லயத்துக் கோடியில் மனைவி ஜோசப்பின் கட்டி வைத்திருந்த கோழிக்கூட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார். ஒரு வருடத்தில் ஓடும் என்றார். பதினொரு வருடம் ஆனது. கொழும்பிலிருந்து சாமான் தருவிக்க வசதி இல்லாததால், பெக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுக் கேட்டு, பெக்டரி குப்பையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினார். இற்றுப்போன அடித்தட்டுக்கு லயத்துக் கூரைத் தகரம். பின்பக்க மரச்சட்டம் கறையானுக்குப் போய்விட்டதால் பத்தாம் நம்பர் மலையில் காற்றுக்கு விழுந்த சவுக்கு. கொழுந்து வாட்டும் காற்றாடியின் பெல்ட், கொழுந்து அரைக்கும் மெஷினின் பேரிங், கொழுந்துச் சாக்கில் தைத்த சீட், பெக்டரிக் கூரைக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட். ஹோர்னுக்கு, பழுதாகிப்போன பழைய சங்கையே திருத்தி மாட்டினார். ஜோசப்பினுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்ததால், அவள் ஏற வசதியாகக் கதவுக்குக் கீழே மரப்படி ஒன்றும், கூடை மாட்ட ஒரு கொக்கியும் வைத்தார். கூடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கூடை இல்லாமல் ஜோசப்பின் எங்கே போயிருக்கிறாள்?

இந்தப் பதினொரு வருடமும் எங்களில் ஒருவர்கூட ஓர் ஆணி பிடித்துக் கொடுத்ததில்லை. ஆனால் ஆலோசனை சொல்லாத ஆளும் இல்லை. இதை எழுதுகிறவன்கூட பிரேக்கைப் பற்றி மூன்று முறை விளக்கமாகப் பேசினான். அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வேகன் பெரட்டுக்கு வருவதற்கு முந்திய வருடம் ஜோசப்பினுக்கு அறுபது முடிந்து செக்ரோலில் பேர் வெட்டினார்கள். பேர் வெட்டிய மறுநாள் காலை சங்கு ஊதியதும், அவள் கூடையை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் பெரட்டுக்கு வந்து நின்றாள். யோகேஸ்வரன், "ஒங்களுக்குத்தான் பென்சன் ஆச்சே அக்கா, வீட்ல இருங்க" என்றார். "வீட்ல இருந்து என்னா பண்றது" என்றாள். ஒரு கிழமை அப்படி வந்து நின்றுவிட்டு, பிறகு முழங்கால் விடாததால் வாசலோடு நிறுத்திக்கொண்டாள். நாங்கள் அவளைக் கேலி செய்தோம். எங்களில் பென்சன் ஆன எல்லோரும் அதையேதான் செய்தோம் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வேகன் பெரட்டுக்கு வரத் தொடங்கிய வருடம் மே மாதம் பட்டிப்பொலவில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட மகள் ஷிராணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறு ஞானஸ்நானம். ஜோசப்பின் பேத்தியைப் போனில் மட்டும்தான் பார்த்திருந்தாள், அதுவும் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று. த்ரீவீல் பிடித்துப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "பதினோரு வருசம் என் கோழிக்கூட்ட இடிச்சு இத நிப்பாட்டி வச்சீங்க. போனா இதுலதான் போவேன். இல்லாட்டி போகவே மாட்டேன். மாதா மேல சத்தியம்." சத்தியம் செய்த பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், ஏனென்றால் வேகன் தோட்டத்து எல்லையைத் தாண்டாது என்பது அவளுக்கும் தெரியும்.

நான்கு மாதமாக சூசைரட்ணம் ஒவ்வொரு ஞாயிறும் முயன்று பார்த்துவிட்டார். எல்லைக் கல் நட்டிருக்கும் மதகு வரைக்கும் வண்டி பூப்போல ஓடும். கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிடும். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது. கையை எடுத்தால், மேட்டில் தானே பின்னோக்கி ஏறி வீட்டுக்குப் போய்விடும். ஹட்டனிலிருந்து வந்த மெக்கானிக் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, கூலியும் வாங்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஜோசப்பின் கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டாள். வேலாயி சக்கரத்துக்குத் தேசிக்காய் வைத்தாள். இரண்டு பக்கத்துச் சாமிகளும் கல்லுக்கு இப்பாலேயே நின்றுகொண்டார்கள்.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், சூசைரட்ணம் படியில் குந்தி, "எம் மேலதான் பிழை, புள்ள" என்றார். "ஒன்னய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகாத மனுசன் நான்." நாற்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் வேகனை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல வெளிய வாங்குனது என்னா இருக்கு? எல்லாம் தோட்டத்துச் சாமான். பேர் பதிஞ்ச ஆளு மாதிரிதான இதுவும். அப்புடின்னா இதுக்கு வயசு என்னான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அவர் பொனட்டைத் திறந்து துணியால் துடைத்தார். இன்ஜினில் பதித்த பித்தளைத் தகட்டில் 1964 என்று இருந்தது. ஜோசப்பின் முழங்காலையும் மறந்து பெரட்டுக் களத்துக்கு நடந்து, யோகேஸ்வரன் முன்னால் நின்றாள். "எனக்கு அறுபதுல வெட்டுனீங்கதானே? இதுக்கும் அறுபது. வெட்டுங்க." யோகேஸ்வரன் சட்டம் தெரிந்தவர், வயதுக்கு அத்தாட்சி கேட்டார். தகட்டைக் காட்டினார்கள். எங்களில் பாதிப்பேருக்குப் பிறந்த தேதியே ஊகம்தான், வண்டிக்குப் பித்தளையில் இருந்தது. மறுபேச்சில்லாமல் சிவப்புப் பேனாவால் வேகனின் பேரை வெட்டினார். நாங்கள் அதற்கு ஒரு மாலை போட்டோம், வேலாயி அழுதாள், யாரோ ஒருவர் நீண்ட உரை ஆற்றினார். அது இதை எழுதுகிறவன்தான்.

ஞாயிறு விடியலில் வேகன் எல்லைக் கல்லை ஒரு குலுக்கலும் இல்லாமல் தாண்டியது. கொட்டகலையில் டீ குடித்தார்கள். நானுஓயா ஏற்றத்தில் ஒரு லொறியை முந்தியது, அதற்கு சூசைரட்ணம் சங்கை ஊதினார், பக்கத்து மலைக்காரர்கள் ஞாயிறென்றும் பாராமல் கூடையை எடுத்துவிட்டார்கள். பட்டிப்பொலக் கோயிலில் ஜோசப்பின் பேத்தியைக் கையில் வாங்கினாள். பிள்ளைக்கு அனோஜா என்று பேர் வைத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து மடுமாதா கோயில், அப்புறம் கடல் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இனி யார் தடுக்கப்போகிறார்கள் என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. ஜோசப்பின் வாசலில் வந்து பார்த்தபோது கோழிக்கூட்டு இடம் காலியாக இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கூடையையும் எடுத்துக்கொண்டு, படிப்படியாக இறங்கி வந்தாள். பெரட்டுக் களத்தில், வரிசையின் கடைசியில், வேகன் நனைந்துகொண்டு நின்றது. கழுத்தில் வாடிய மாலை.

"நீயுமா?" என்றாள், பொனட்டில் கையை வைத்து. "நேத்துத்தான எல்லாத்தையும் காட்டுனேன். நீயுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் மரப்படியில் கால் வைத்து ஏறி, கூடையைக் கொக்கியில் மாட்டி, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். யோகேஸ்வரன் செக்ரோலை மூடினார். பென்சன்காரர்களை அன்றன்றையக் கூலிக்கு எடுக்கும் கைக்காசுப் பட்டியலைப் புரட்டி, இரண்டு பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். சங்கு ஊத இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.