பெல்ட்டைக் கழற்றிய பிறகு

என் பழைய ஜென் கார் ஒரு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. என் மகன் ஆனந்தகுமாருக்கு அது போதுமாக இருந்தது. "இன்ஜின் போச்சும்மா, வித்துடலாம்" என்று வாங்க ஆளைக்கூடப் பார்த்துவிட்டான். ரங்கநாதன் தெருவில் நான் நடத்துவது ஜாக்கெட் துணிக் கடை. அடையாறு, திருவான்மியூர் தையல்காரர்களுக்கு நானே ஓட்டிப் போய்ச் சரக்குக் கொடுப்பேன். கார் போனால் எங்கே போவதற்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது மட்டும் என்னால் ஆகாது.

அவனையும் இழுத்துக்கொண்டு தேனாம்பேட்டையில் மெஹபூப் பாஷாவின் ஷெட்டுக்குப் போனேன். பாஷா பானட்டைத் திறந்து காது கொடுத்தார்.

"பெல்ட்டு தான் சரோஜாம்மா. புச்சு போட்டுடலாம்."

"போன மாசம் நீங்க போட்டதே புதுசுதானே பாய். கொஞ்சம் தண்ணி குடுங்க."

இன்ஜினை ஓடவிட்டு, எட்ட நின்று பெல்ட்டின் மேல் தண்ணீர் விட்டேன். சத்தம் பெல்ட்டுடையது என்றால் நனைந்ததும் கொஞ்ச நேரமாவது மாறும். இந்தக் கீச்சு துளியும் மாறவில்லை.

"நான்தான் சொன்னேனே, இன்ஜின்" என்றான் ஆனந்தகுமார். அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பெல்ட்டைக் கழட்டுங்க பாய்."

பாஷா வண்டியை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். கீச்சு போன இடம் தெரியவில்லை. இன்ஜின் தங்கமாக ஓடியது. உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினேன். வாட்டர் பம்ப் லேசாகச் சுற்றியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மண் விழுந்தது மாதிரி கரகரத்தது.

"இதுக்குள்ள இருக்கிற பேரிங்" என்றேன்.

பாஷாவும் சுற்றிப் பார்த்தார். "கரீட்டும்மா. பேரிங் தான் பூட்ச்சு. இன்ஜின் ஷோக்கா கீது."

மதியத்துக்குள் புது பேரிங் மாட்டிக் கொடுத்தார். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. என் மகன் முகம் மட்டும் தெளியவில்லை.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்னடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டிக்காக இல்லம்மா. நீங்க ஓட்டுறதுதான் பயமா இருக்கு. வயசாகுதுல்ல."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் பழியை இன்ஜின் தலையில் போட்டிருக்கிறான். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். ஏறு வண்டியில. திருவான்மியூர் வரைக்கும் வா. அப்பவும் பயமா இருந்தா நீயே வித்துடு."

அண்ணா சாலையில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், பக்கத்து சீட்டில் அவன் வெறும் தரையை மிதித்தான். நந்தனம் தாண்டும்வரை கைப்பிடியை விடவில்லை. அடையாறு பாலத்தில் ஏறும்போதுதான், "இப்ப சொல்லு, விக்கணுமா?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.