கல் என்று பாடியது உருவகமா?

1

இந்தக் கதை எனக்கு ஓர் எக்ஸ்ரே படத்திலிருந்து கிடைத்தது. கிர்கிஸ்தானில், நரீன் நகரத்தில் நான் குடியிருந்த தெருவில், ஊர்ப் பெரியவர் மன்றத்தில், ஒருவர் தன் நெஞ்சின் படத்தைக் கதவோரத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லா பாருங்க, எங்கயாவது கல்லு இருக்கா?" என்று கேட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைகள் பனிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு...' வேண்டாம். உருவகத்தால் வந்த வழக்கு இது. நானும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

2

கேட்டவர் பெயர் தாஷ்தான், லாரி ஓட்டுபவர். (அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கல் இருக்கிறது; கிர்கிஸ் மொழியில் 'தாஷ்' என்றால் கல். வைத்தது அவர் அம்மா; என்னைக் குறை சொல்லாதீர்கள்.) தங்கை புருலாய், கல்யாண வீடுகளில் கோமுஸ் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டியபடி நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுபவள்.

அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு அண்ணன் வரவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில், ஊரே குதிரைக்கறி தின்றுகொண்டிருந்தபோது, அவள் பாடினாள்: 'என் அண்ணன் நெஞ்சு கல்.'

தாஷ்தான் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டார். தோற்றால் அவள் இனி எந்தக் கல்யாணத்திலும் பாட முடியாது.

3

மன்றம், பள்ளியில் இலக்கியம் நடத்தும் ஜிப்பாரை அழைத்தது. புருலாயின் சிநேகிதி. எப்படியாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் வந்தாள்.

"டீச்சரம்மா, அவ சொன்னது நெசமா, பொய்யா?" என்றார் தலைவர்.

"ரெண்டும் இல்லீங்க, உருவகம். 'கல்லு போல'ன்னு சொல்லியிருந்தா உவமை. 'போல'வ விட்டுட்டா."

"அந்தப் 'போல' எங்க போச்சு?"

"பாட்டுல எடம் பத்தலைங்க."

"அப்பத் தேடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"டாக்டர் கையெழுத்தே போட்டிருக்காரு, கல்லு கெடையாது!" என்று சீறினார் தாஷ்தான்.

"பித்தப்பையப் பாத்தியா?" என்றார் ஓரத்திலிருந்த ஒரு பெரியவர், அக்கறையாக.

ஜிப்பார் அவசரமாக, "இது உயர்வு நவிற்சிங்க. கொஞ்சம் கூட்டிச் சொல்றது. குத்தமில்ல" என்றாள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.)

புருலாய் வாயைத் திறந்தாள். "ஜிப்பார், என்னைக் காப்பாத்துறேன்னு எம் பாட்டக் கெடுக்காத. நான் கூட்டிச் சொல்லல. கொறச்சுத்தான் சொன்னேன்."

4

தாஷ்தானின் கையிலிருந்த படம் தாழ்ந்தது.

"அன்னிக்குக் கணவாய்ல பனி, தங்கச்சி. லாரிய விட்டுட்டு நடந்தே வந்தேன். வந்தப்ப நீங்கல்லாம் பாத்திரம் கழுவிட்டிருந்தீங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றது?"

அவருடைய தோள்கள் குலுங்கின.

தலைவர் குழம்பிப்போய்த் திரும்பினார். "டீச்சரம்மா, இதுக்கு என்ன பேரு?"

உவமை, உருவகம், ஆகுபெயர் என்று ஜிப்பார் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க. அழறாரு."

"அழறாரா, அழற மாதிரியா?"

"அழறாருங்க."

5

ஒரு முடிவில் புருலாய் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓவென்று... அடித்துவிட்டேன். இன்னொன்றில் கோமுஸை எடுத்துப் புதுப் பாட்டு ஒன்றை... அதையும்.

புருலாய் எழுந்தாள். தாஷ்தான் நின்றது கதவை ஒட்டி. அவள் அந்தப் பக்கமாக நடந்தாள். அண்ணனிடம் போனாளா, வெளியே போனாளா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே நடந்தாள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு உள்ளேயும் குளிர்தான்.